புதிய தாள் ஒன்று மேசைக்கு வரும்போது: கல்லூரிப் பாடத்திட்ட முன்மொழிவும் அதன் பரிசீலனையும்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் படைப்பாளிகளைப் பற்றியும் போராட்டங்களைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்றைக்கு ஓர் அலுவலகக் காரியத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கல்லூரியில் புதிய பாடத்தாள் எப்படி முன்மொழியப்படுகிறது, யார் அதைப் பரிசீலிக்கிறார்கள், எந்த இடத்தில் அது தடுக்கப்படுகிறது என்பதுதான் அது. தலித் இலக்கிய மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம்.

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் நாம் வழி கண்டுவிட்டோம். ஆனால் நம் நூல் ஒன்று கடையில் எத்தனை பிரதி போகும் என்பது இங்கிருக்கும் பதிப்பாளர்களுக்குத் தெரியும். அதே நூல் ஒரு பல்கலைக்கழகத்தின் இளங்கலை வகுப்பில் பாடமானால், நூல் வாங்கும் பழக்கமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் அது போய்ச் சேரும். அந்த முடிவை எடுப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பேர். அந்த மேசையின் விதிகளை நாம் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால், தெரிந்தவர்கள் நமக்கும் சேர்த்து முடிவெடுப்பார்கள்.

மேசையில் யார் யார்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பி.ஏ. தமிழ், எம்.ஏ. சமூகவியல் என்பவை படிப்புகள். அந்தப் படிப்புக்குள் ஒரு பருவத்தில் நடத்தப்படுவது தாள். நாம் பேச்சில் ‘பேப்பர்’ என்போம். புதிய படிப்பு தொடங்குவது பெரிய வேலை. பல்கலைக்கழகத்தின் இசைவு வேண்டும், அரசு உதவிபெறும் பிரிவென்றால் ஆசிரியர் பணியிடங்களுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். புதிய தாள் அப்படியல்ல. ஒரு துறையே அதைத் தொடங்கிவைக்க முடியும். நம் கைக்கு எட்டும் இடம் தாள்தான் என்பதால் இங்கே தாளைப் பற்றியே பேசுவோம்.

பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற சாதாரணக் கல்லூரிகள் தாமாகத் தாள் கொண்டுவர முடியாது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு வகுத்ததைத்தான் நடத்த வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலை வேறு. 1964இல் அமைக்கப்பட்ட கோத்தாரி ஆணையம் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இலேயே சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு மூன்றும் கல்லூரியின் பொறுப்பு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள்படி தன்னாட்சிக் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு இருக்க வேண்டும். துறைத்தலைவர் அதன் தலைவர். துறை ஆசிரியர்கள் உறுப்பினர்கள். வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர் ஒருவர், வேலைவாய்ப்போடு தொடர்புடைய துறையிலிருந்து ஒருவர், அங்கே படித்துச் சிறந்து விளங்கிய பழைய மாணவர் ஒருவர் என்று இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இந்தக் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

அதற்கு மேலே கல்விப் பேரவை. முதல்வர் தலைவர். எல்லாத் துறைத்தலைவர்களும், ஆசிரியப் பிரதிநிதிகளும், வெளி வல்லுநர்களும், பல்கலைக்கழகத்தின் நியமன உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். பாடத்திட்டக் குழு அனுப்பியதைப் பேரவை அப்படியே ஏற்கலாம், திருத்தத்தோடு ஏற்கலாம். உடன்பாடு இல்லையென்றால் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஆனால் திருப்பினாலும் நிராகரித்தாலும் காரணம் சொல்ல வேண்டும். விதியிலேயே இது இருக்கிறது. இந்த ஒரு வரியை நாம் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னால் வருகிறோம்.

பாடத்திட்டக் குழுவின் அமைப்பைச் சொல்லும் அந்தப் பட்டியலில் பாட வல்லுநருக்கு இடம் இருக்கிறது, தொழில்துறைக்கு இடம் இருக்கிறது, பழைய மாணவருக்கு இடம் இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அந்த மேசையில் இருந்தாக வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடினோம். வகுப்புக்குள் எது பாடம் என்று தீர்மானிக்கும் இடத்தை அந்த அளவுக்கு நாம் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி புதியதும் அல்ல. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தத்தின்மீது பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பல்கலைக்கழகத்தின் செனட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதிட்டார். பல்கலைக்கழக நிர்வாகம் கல்விமான்களின் தனி வேலை, அதில் சமூகப் பிரதிநிதித்துவத்துக்கு என்ன வேலை என்ற எண்ணம் நிலவிய காலம் அது. ஏறத்தாழ நூறாண்டு ஆன பிறகும் பாடத்திட்டக் குழுவின் வாசலில் அதே எண்ணம்தான் நிற்கிறது.

முன்மொழிவு என்றால் என்ன

ஒரு தாளை முன்மொழிவது என்றால் நல்ல தலைப்பும் நல்ல நூல்களும் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குழுவுக்குத் தேவைப்படுவது ஒரு படிவம். தாளின் பெயர், எந்தப் பருவம், எந்தப் பகுதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட், நோக்கங்கள், பாட விளைவுகள், 5 அலகுகள், பாடநூல், பார்வை நூல்கள், மதிப்பீட்டு முறை ஆகியவை அதில் வர வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுக்க நடக்கும் விரிவுரைக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுக்கணக்கு. பருவத்துக்கு ஏறத்தாழ 15 வாரம்.

பாட விளைவு என்ற பகுதியில்தான் நம் முன்மொழிவுகள் பலவும் தடுமாறுகின்றன. இந்தத் தாளைப் படித்து முடித்த மாணவர் என்ன செய்யக்கூடியவர் ஆவார் என்பதை அங்கே எழுத வேண்டும். அதற்குக் கே1 முதல் கே6 வரை ஆறு படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். நினைவில் கொள்ளுதல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். ‘ஒடுக்கப்பட்டோரின் துயரங்களை அறிந்துகொள்வர்’ என்று எழுதினால் அது முதல் இரண்டு படிகளைத் தாண்டாது. இது வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது. இதற்குள் பழைய ஏற்பாடு ஒன்று ஒளிந்திருக்கிறது.

கோபால் குரு 2002இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை ஒன்று இந்தியச் சமூக அறிவியல் எந்த அளவுக்குச் சமத்துவமானது என்று கேட்டது. கோட்பாடு செய்வது சிலருக்கும், தரவும் அனுபவமும் தருவது மற்றவர்களுக்கும் என்ற பிரிவினை அறிவுத்துறைக்குள்ளும் இருக்கிறது என்பது அவர் வாதம். பாடத்திட்டத்தைப் புரட்டினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தலித் எழுத்து வரும் இடத்தில் தன்வரலாறு வரும், வலி வரும், வாக்குமூலம் வரும். கோட்பாடு என்ற அலகில் நம்மவர் பெயர் வராது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. ஜி.எஸ். குர்யேயின் ‘இந்தியாவில் சாதியும் இனமும்’ 1932இல் வந்தது. எம்.என். சீனிவாஸ் கூர்க் மக்களைப் பற்றி எழுதிய நூல் 1952இல் வந்தது. ஆயினும் சமூகவியல் மாணவருக்குச் சாதி என்றால் முதலில் குர்யே, பிறகு சீனிவாஸ். அம்பேத்கர் பல இடங்களில் அரசியல் அறிவியல் துறையின் அரசமைப்புத் தாளில்தான் கிடைப்பார். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அவர் நிறுவிய வாதத்தை ஒரு சமூகவியல் பட்டதாரி படிக்காமலே வெளியே வரலாம்.

ஆகவே பாட விளைவை இப்படி எழுதலாம்: ‘சாதி பற்றிச் செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் தந்த வரையறைகளை அம்பேத்கர் எவ்வாறு பரிசீலிக்கிறார் என்பதைப் பகுத்தாய்வர்.’ இது கே4. ‘சாதியின் தோற்றம் குறித்த அம்பேத்கரின் விளக்கத்தையும் அயோத்திதாசரின் விளக்கத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுவர்.’ இது கே5. இப்படி எழுதிய தாளை ‘அனுபவப் பகிர்வு’ என்று ஒதுக்கிவைக்க முடியாது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசரைப் ‘பத்திரிகையாளர், சமூகத் தொண்டர்’ என்ற இரண்டு மதிப்பெண் விடைக்குள் அடைத்துவைக்கவும் முடியாது.

மறுப்பின் ஐந்து வடிவங்கள்

‘இந்தத் தாள் வேண்டாம்’ என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. பல கல்லூரிகளில் நம் நண்பர்களான ஆசிரியர்கள் கொண்டுபோன தாள்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கேட்டுத் தொகுத்துப் பார்த்தோம். மறுப்பு திருத்தத்தின் வடிவில் வருகிறது. அதில் ஐந்து வகை உண்டு.

முதலாவது தலைப்பு. ‘தலித் இலக்கியம்’ என்று போனால் ‘விளிம்புநிலை இலக்கியம்’ என்று திரும்பி வரும். விளிம்புநிலை என்பது நல்ல சொல்தான். ஆனால் அந்தக் குடைக்குள் எதையும் வைக்கலாம். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தாள் இருக்கும், தலித் எழுத்து இருக்காது. சாதி என்ற சொல் தலைப்பில் வந்தால் ‘சமூக அடுக்கமைவு’ ஆகிவிடும்.

இரண்டாவது இடம். பகுதி 3இல் முதன்மைத் தாளாகக் கேட்டதைப் பகுதி 4க்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது பிறதுறை மாணவர் எடுக்கும் விருப்பத் தாளாக நிற்கும். பெரும்பாலும் வாரத்துக்கு 2 மணி நேரம், 2 கிரெடிட். தமிழ் படிக்கும் மாணவர் தலித் இலக்கியம் படிக்க மாட்டார். வணிகவியல் மாணவர் வேறு தாளில் இடம் கிடைக்காமல் இதற்கு வருவார்.

மூன்றாவது அலகு. தனித் தாள் எதற்கு, தற்கால இலக்கியத் தாளில் ஓர் அலகாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த அலகு எப்போதும் ஐந்தாவது அலகாகவே இருக்கும். பருவத்தின் கடைசியில் அகமதிப்பீட்டுத் தேர்வு, விளையாட்டு விழா, கல்லூரி விடுமுறை எல்லாம் ஐந்தாவது அலகின் நாட்களைத்தான் தின்னும்.

நான்காவது நூல்பட்டியல். பாடநூலாகக் கொடுத்ததைப் பார்வை நூல் பட்டியலுக்கு மாற்றுவார்கள். பாடநூலிலிருந்துதான் வினா வரும் என்பது மாணவருக்குத் தெரியும். பார்வை நூல் நூலகத்தில் இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஐந்தாவது வினாத்தாள். பல கல்லூரிகளில் பருவத் தேர்வு 75 மதிப்பெண். அ பிரிவில் 2 மதிப்பெண் வினா 10, ஆ பிரிவில் 5 மதிப்பெண் வினா 5, இ பிரிவில் அலகுக்கு ஒன்றாக 5 வினாக்கள் கொடுத்து 3க்கு மட்டும் 10 மதிப்பெண் வீதம் எழுதச் சொல்வார்கள். இ பிரிவில் ஐந்தாவது அலகை விட்டுவிடலாம். அப்போது அந்த அலகுக்கு எஞ்சுவது அ பிரிவில் 4 மதிப்பெண், ஆ பிரிவில் 5 மதிப்பெண், ஆக 9. அந்த 9 மதிப்பெண்ணையும் இழந்தாலும் 75க்கு 66 வரை வாங்கலாம். ஆக, ‘எங்கள் பாடத்திட்டத்தில் தலித் இலக்கியம் இருக்கிறது’ என்று கல்லூரி சொல்லிக்கொள்ளலாம். ஒரு பக்கம்கூடப் படிக்காத மாணவர் முதல் வகுப்பில் தேறிப் போகலாம்.

இந்த ஐந்தும் ஒரே கூட்டத்தில் நடப்பதில்லை. ஒவ்வொன்றும் ‘சின்னத் திருத்தம்’ என்ற பெயரில் வருகிறது. முன்மொழிந்த ஆசிரியர் இளையவராக, பல நேரங்களில் அந்தத் துறையின் ஒரே தலித் ஆசிரியராக இருப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிர்த்துப் பேசினால் ‘எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருபவர்’ என்ற பெயர் வரும். பதவி உயர்வுக் கோப்பும் அதே மேசையைக் கடந்துதான் போக வேண்டும்.

சொல்லப்படும் காரணங்கள்

எதிர்ப்பு எல்லாவற்றையும் சாதி மனோபாவம் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுவது எளிது. அது உண்மைக்கும் பொருந்தாது, உத்திக்கும் உதவாது. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு என்பது மானியக் குழுவின் அளவு. படிப்பின் மொத்த மணி நேரம் மாறாது. புதிய தாள் ஒன்று உள்ளே வந்தால் பழைய தாள் ஒன்று வெளியே போக வேண்டும். வெளியே போகும் தாள் யாருடையது? அந்த மணி நேரத்தை நம்பித்தான் ஒரு கௌரவ விரிவுரையாளரின் வேலை இருக்கிறது என்றால், அவர் எதிர்ப்பதில் வியப்பில்லை. எனவே எதைச் சேர்க்க வேண்டும் என்பதோடு எதை எடுக்கலாம், அந்த மணி நேரத்தை யார் எடுப்பார்கள் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும். இந்தப் பத்தி இருந்தாலே எதிர்ப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். மிஞ்சி நிற்பது எது என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மிஞ்சும் காரணங்களில் மூன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சாதியைப் பேசினால் சாதி வளரும் என்பது ஒன்று. விடுதி அறைகளிலும் கைக்கயிற்றின் நிறத்திலும் சாதி ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் முன்னிலையில், நூலை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டுப் பேசும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். பிற சமூக மாணவர்கள் மனம் புண்படும் என்பது இரண்டாவது. இத்தனை காலம் பாடத்தில் இருக்கும் புராணங்களிலும் பழமொழிகளிலும் யார் மனம் புண்பட்டது என்று எந்தக் குழுவாவது கேட்டதுண்டா? மொழி கொச்சையாக இருக்கிறது என்பது மூன்றாவது. கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்கை மண்வாசனை என்று கொண்டாடிய வகுப்பறை, பாமாவின் பேச்சு வழக்கைக் கொச்சை என்று சொன்னால், அந்தத் தராசை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மேசைக்கு மேலே இருக்கும் கைகள்

குழுவும் பேரவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு பாடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து ஏ.கே. ராமானுஜனின் ராமாயணங்கள் பற்றிய கட்டுரையை எடுத்தார்கள். அதை ஆராய அமைத்த வல்லுநர் குழுவின் நால்வரில் மூவர் கட்டுரை இருக்கலாம் என்றவர்கள். கல்விப் பேரவை நீக்கியது. நம் அண்டையில் திருநெல்வேலியில், 2020 நவம்பரில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முதுகலை ஆங்கிலப் பாடத்திலிருந்து அருந்ததி ராயின் மாவோயிஸ்டுகள் பற்றிய நூலை எடுத்தது. ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து அது நடந்தது.

2021 ஆகஸ்டில் நடந்தது நம்மை நேராகத் தொட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆங்கிலம் ஹானர்ஸ் படிப்பில் பெண்களின் எழுத்து பற்றிய தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும், பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் நீக்கப்பட்டன. பாட வல்லுநர்கள் அடங்கிய துறை தேர்ந்தெடுத்ததை, அதற்கு மேலே அமைக்கப்பட்ட மேற்பார்வைக் குழு மாற்றியது. கல்விப் பேரவை உறுப்பினர்கள் 15 பேர் மறுப்புக் குறிப்பு கொடுத்தார்கள். மேற்பார்வைக் குழுவில் அந்தப் பாடத்தின் வல்லுநர்கள் இல்லை, தலித் அல்லது பழங்குடிச் சமூகத்தவர் ஒருவரும் இல்லை என்பதை அவர்கள் எழுத்தில் பதிந்தார்கள். தமிழ்நாட்டின் இரண்டு தலித் பெண் எழுத்தாளர்கள் தலைநகரின் பாடத்தில் இருந்தார்கள் என்ற செய்தியே, அவர்கள் நீக்கப்பட்ட நாளில்தான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. பாடத்தில் நாம் எங்கெங்கே இருக்கிறோம் என்ற கணக்குகூட நம்மிடம் இல்லை.

அந்த 15 பேர் முடிவை மாற்ற முடியவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய குறிப்பு இருப்பதால்தான் என்ன நடந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று முன்பு அடிக்கோடிட்டது இதற்காகத்தான்.

2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது, தன்னாட்சி பறிபோகிறது என்று கல்லூரி ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பொதுப் பாடத்திட்டத்தில் நம் எழுத்து இடம்பெற்றால் ஒரே முடிவில் மாநிலம் முழுக்கப் போகும். விடுபட்டால் ஒரே முடிவில் மாநிலம் முழுக்க விடுபடும். தன்னாட்சி என்றால், ஒரு கல்லூரியில் தோற்றாலும் இன்னொரு கல்லூரியில் முயலலாம். இரண்டில் எது வந்தாலும் அதன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டாக வேண்டும்.

நாம் பரிசீலிக்கும் இடத்தில் இருந்தால்

நம்மவர்களில் சிலர் இப்போது துறைத்தலைவர்களாகவும் வெளி வல்லுநர்களாகவும் பாடத்திட்டக் குழுக்களுக்குப் போகிறார்கள். நம் தாள் வரும்போது கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவது அந்தத் தாளுக்குச் செய்யும் உதவி ஆகாது. மற்றவர்கள் கேட்பதற்கு முன் நாமே கடுமையாகக் கேட்க வேண்டும். 5 அலகையும் குறித்த மணி நேரத்தில் நடத்த முடியுமா? பாடநூல் இப்போது அச்சில் இருக்கிறதா, மாணவர் வாங்கும் விலையில் இருக்கிறதா? இந்த ஆசிரியர் மாறுதலில் போனால் வேறொருவர் நடத்த முடியுமா? முடியாதென்றால் ஆசிரியருக்கான குறிப்பேடு எங்கே?

உள்ளே பார்க்க வேண்டிய கேள்விகளும் உண்டு. தலித் இலக்கியம் என்ற தாளில் அருந்ததியர் எழுத்து இருக்கிறதா? பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. பாடத்திட்டத்தில் அந்த அளவாவது இடம் கொடுத்திருக்கிறோமா? புதிரை வண்ணார் வாழ்க்கை எங்காவது வருகிறதா? பெண்கள் எழுத்தை ஒரே அலகில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோமா, எல்லா அலகிலும் அவர்கள் இருக்கிறார்களா? ஈழத்துக் கே. டானியலைச் சேர்த்திருக்கிறோமா? ஐந்தாவது அலகில் நம்மைத் தள்ளியதைக் குறைசொல்லும் நாம், நம் தாளின் ஐந்தாவது அலகில் யாரைத் தள்ளியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை

பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவருக்கு ஓர் இடம் உண்டு என்றோம். அதை முதல்வர் நியமிக்கிறார். நம் அமைப்பில் முதுகலை முடித்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் படித்த கல்லூரிக்கு உங்கள் பெயரையும் தகுதியையும் எழுதி அனுப்புங்கள். வேலைவாய்ப்புத் துறைக்கான இடத்துக்குப் பதிப்பாளரையும் இதழாசிரியரையும் பரிந்துரைக்கலாம். இலக்கியத் துறைகளுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

கூட்டத்தில் உட்காரும் நண்பர்கள் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். திருத்தம் எது, யார் சொன்னது, காரணம் என்ன என்பது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் இரண்டு வரி மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். அரசுக் கல்லூரிகளிலும், கணிசமான அரசு நிதி பெறும் கல்லூரிகளிலும் இந்தக் குறிப்புகளை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற முடியும். குறிப்பில் ஏறாத ஒன்றை எந்தச் சட்டத்தாலும் பெற முடியாது.

நாக் மதிப்பீட்டின் முதல் அளவுகோலே பாடத்திட்டம்தான். தொழில்சார் அறம், பாலினம், மனித விழுமியங்கள், சுற்றுச்சூழல் ஆகியவை பாடத்தில் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்று அந்த மதிப்பீட்டில் கேட்டுவந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் சாதி இல்லை. ஆனால் தீண்டாமையைப் பேசாத மனித விழுமியம் என்ன விழுமியம் என்று கேட்டு, அந்தக் கதவு வழியாகவே நம் தாளைக் கொண்டுபோகலாம். மாணவரிடமும் பழைய மாணவரிடமும் பாடத்திட்டம் குறித்துக் கருத்துக் கேட்கும் படிவமும் இதே மதிப்பீட்டுக்காகத்தான் நிரப்பப்படுகிறது. ‘நன்று’ என்று வட்டமிட்டு விட்டுவிடாமல், எது இல்லை என்று எழுதினால் அது கல்லூரியின் ஆவணமாகிவிடும்.

இணைவுபெற்ற கல்லூரிகளில் தாள் கொண்டுவர வழியில்லை என்றாலும் 30 மணி நேரத்துக்குக் குறையாத மதிப்புக்கூட்டுச் சான்றிதழ்ப் பாடங்களைக் கல்லூரியே நடத்தலாம். ஓராண்டு நடத்திக் காட்டிய பாடத்தைப் பல்கலைக்கழகக் குழுவிடம் கொண்டுபோனால், ‘இதை நடத்த முடியுமா?’ என்ற கேள்விக்கு நம்மிடம் வருகைப் பதிவேடே விடையாக இருக்கும்.

இந்த அமைப்பிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நினைவுச் சொற்பொழிவை அச்சிடுவதைப் போல, முழுமையாக எழுதிய மாதிரித் தாள்கள் சிலவற்றையும் அச்சிடுங்கள். தமிழ்த் துறைக்கு ஒன்று, ஆங்கிலத் துறைக்கு ஒன்று, சமூகவியலுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று. மணி நேரம், அலகு, பாட விளைவு, பாடநூல், மாதிரி வினாத்தாள் எல்லாம் அதில் இருக்கட்டும். இ பிரிவில் எந்த அலகையும் விட்டுவிட முடியாதபடி வினா அமைப்பு இருக்கட்டும். எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில் துணையின்றி இருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகட்டும். அவர் தனியாகப் பேசுகிறார் என்று அந்த மேசையில் இருப்பவர்கள் நினைக்க முடியாது.

இந்த ஆண்டின் பாடத்திட்டக் குழுக் கூட்டம் உங்கள் கல்லூரியில் எந்த மாதம் நடக்கிறது என்று நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.